மிதித்த கால்

நான் காலால் பிறந்தவள். தலை வரவேண்டிய இடத்தில் முதலில் என் இடது கால் எட்டிப் பார்த்ததாம். பிரசவத்தில் தான் போட்ட சத்தம் பத்து காஜா டவுன் வரைக்கும் கேட்டிருக்கும் என்று அம்மா இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். பிறந்த விதத்தைப் பார்த்து ஆளுக்கு வேலை கொடுக்கிற வழக்கம் ஈப்போ பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் இருந்ததால், எனக்குப் பிறந்த அன்றே ஒரு வேலை கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு ஒழுங்கான வேலை கிடைக்க எனக்கு முப்பத்து மூன்று வயதானது.

அந்த வேலை என்னவென்றால், மிதிப்பது. பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு இடுப்பு பிடித்துக்கொள்வது சளி பிடிப்பது மாதிரி. வாளியைத் தூக்கி, குனிந்து, நிமிர்ந்து, மேட்டில் ஏறி இறங்கி, ஒருநாள் காலையில் பாயைவிட்டு எழுந்திருக்க முடியாது. அப்படிப் பிடித்துக்கொண்டால் காலால் பிறந்த பிள்ளையைக் கூப்பிட்டு மூன்று மிதி மிதிக்கச் சொல்வார்கள். அதற்கு முறை உண்டு. வெறும் வயிற்றில் வரவேண்டும். வாசல் பக்கம் தலைவைத்துக் குப்புறப் படுக்கவேண்டும். இடது கால்தான், மூன்று முறைதான். வைத்து எடுத்தால் போதுமா, அழுத்த வேண்டுமா என்பதில் மட்டும் ஆளுக்கொரு கருத்து. மிதித்து முடிந்ததும் இருட்டும்வரை மிதித்த பிள்ளையோடு ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினால் வலி திரும்பிவிடும். அதனால் யாரும் எனக்கு நன்றி சொன்னதே இல்லை. மறுநாள் காலையில் எங்கள் வாசலில் ஒரு கோழிமுட்டை இருக்கும்.

எட்டு வயதுக்குள் பாதி லயத்தின் இடுப்பை என் கால் பார்த்திருந்தது. லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் ஆயுசு நூறு என்பார்கள். எனக்கு அந்த வேலை பிடிக்கவே பிடிக்காது. பெரியவர்களின் முதுகு சூடாக, ஈரமாக, ரப்பர் பால் வாடையோடு இருக்கும். ஆனால் முட்டை பிடிக்கும். அதனால் வாயை மூடிக்கொண்டு மிதித்தேன்.

ஒன்பது வயதில் ஒரு பள்ளி விடுமுறையில் எதிர்லயத்து அத்தை வந்தார். சொந்த அத்தை இல்லை. அம்மாவோடு ஒரே நிரையில் பால் வெட்டுகிறவர். அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். நடந்து வரும்போதே சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். எங்கள் பலகை வீட்டின் முன்பக்கத் தாழ்வாரத்தில், அஞ்சடியில், குப்புறப் படுக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. நான் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு இடது காலை வைத்தேன். ஒன்று. இரண்டு. மூன்றாவது மிதியில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அத்தை 'ஐயோ' என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு அவரால் எழுந்திருக்க முடியவில்லை.

நாலு பேர் சேர்ந்து அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். முறைப்படி அத்தை என்னோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சாயங்காலத்துக்குள் லயம் முழுக்க ஒரே பேச்சு: "புள்ள மிதிச்சதுல புடிச்சிக்கிச்சு." யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. திட்டியிருந்தால் அழுது முடித்திருப்பேன்.

மறுநாள் அத்தையின் கணவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறவர். எங்களையெல்லாம் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று சுற்றிவிட்டு இறக்கிவிடுவார். அதனால் பிள்ளைகளுக்கு அந்த மாமாமீது தனிப் பிரியம். என் தலையைத் தடவி, "பரவால்ல பாப்பா. நீ என்ன செய்வே, சின்னப் புள்ள" என்று சொல்லி, ஸ்ட்ராபெரி கிரீம் வைத்த பிஸ்கட் பொட்டலம் ஒன்றைக் கையில் கொடுத்தார். இவ்வளவு நல்ல மனுஷனின் மனைவியை முடமாக்கிவிட்டோமே என்று அழுதுகொண்டே அதைத் தின்றேன். ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை.

அத்தை மறுபடி பால் வெட்டப் போகவில்லை. கொஞ்சநாள் குனிந்தபடியே புல் பிடுங்கினார். பிறகு அவர்கள் தைப்பிங் பக்கம் போய்விட்டார்கள். என்னை யாரும் மிதிக்கக் கூப்பிடவில்லை. வாசலில் முட்டையும் நின்றது. நான் ஆறாம் வகுப்பு முடிப்பதற்குள் தோட்டமே விற்கப்பட்டு, நாங்கள் லகாட்டில் ஒரு மலிவுவிலை வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். பால்மரங்கள் இருந்த இடத்தில் இப்போது இரட்டைமாடி வீடுகள் இருக்கின்றன. யாரும் அழவில்லை. எனக்குக்கூட அந்த அஞ்சடி இடிந்தது நிம்மதியாகத்தான் இருந்தது.

கால் போன போக்கில் போகாதே என்பார்கள். என் கால் எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை. படிப்பு முடித்ததும் தாதி வேலைக்கு இரண்டு முறை விண்ணப்பித்தேன். இரண்டு முறையும் பதிலே இல்லை. பத்தொன்பது வயதில் கமுந்திங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். ரப்பர் மரத்தைவிட்டுத் தப்பித்து வந்து ரப்பர் கையுறையில் ஓட்டை பார்க்கிற வேலை. ஒவ்வொரு கையுறையிலும் காற்றை அடைத்து, வெளிச்சத்தில் காட்டி, ஒழுகுகிறதா என்று பார்க்கவேண்டும். விரல்கள் உப்பிக்கொண்டு எனக்கு வணக்கம் சொல்வதுபோல் இருக்கும். இரண்டு வருடம் அந்த வணக்கத்தை வாங்கிக்கொண்டு, போதுமென்று ஈப்போவுக்குத் திரும்பினேன்.

பிறகு வீடு வீடாகப் போய்த் தண்ணீர் வடிகட்டி விற்றேன். நாய்கள்தான் நன்றாகப் பேசின. அதை விட்டுவிட்டு அழகுக்கலை படிக்கப் போனேன். முகம், முடி, புருவம் எல்லாம் நன்றாகத்தான் போனது. பாதத்தைச் சுத்தம் செய்கிற பாடம் வந்தபோது, ஒரு பெண்ணின் இடது காலைக் கையில் ஏந்திக்கொண்டு மடைதிறந்த மாதிரி அழுதுவிட்டேன். கத்தி பட்டுவிட்டதோ என்று அந்தப் பெண் பதறிப்போனாள். என்ன என்று ஆசிரியை கேட்டபோது வயிற்றுவலி என்றேன். அதோடு அந்தப் படிப்பும் போயிற்று. அம்மா, "ஒனக்கு என்னதான் வேணும்? சொல்லித் தொலையேன்" என்று கத்தினார். எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு.

இருபத்தாறு வயதில் ஈப்போவில் ஒரு முதுகெலும்பு நிலையத்தில் வரவேற்பு மேசைக்கு ஆள் தேவை என்று பார்த்தேன். தொலைபேசியை எடுக்கவேண்டும், நோயாளிகளின் விவரப் பாரத்தை நிரப்பவேண்டும், அவ்வளவுதான். முதலாளி ஒரு சீனர், கைரோபிராக்டர். அந்தச் சொல்லையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். மருந்து இல்லை, ஊசி இல்லை, இரண்டு கைகளால் முதுகெலும்பைச் சரிசெய்கிறவர் என்று விளக்கினார். சரிதான், வசதியாகப் படித்த துக்காங் உருட் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எண்ணெய் போட்டு நீவிவிடுகிற ஆளுக்கு மலாயில் அப்படித்தான் சொல்வோம்.

முதல்நாள் மத்தியானம் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து 'டக்' என்று சத்தம் வந்தது.

கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. அதே சத்தம். உள்ளே போன ஆளை இனித் தூக்கிக்கொண்டுதான் வருவார்கள் என்று எழுந்து நின்றுவிட்டேன். கதவு திறந்தது. அந்த மனுஷன் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே நடந்துபோனார். எனக்குத் தலை கால் புரியவில்லை. என் காலில் ஒரு மனுஷியைப் படுக்கவைத்த சத்தம், இங்கே எப்படி ஒரு மனுஷனை எழுப்பி நடக்கவைக்கிறது?

அங்கே இரண்டு வருடம் இருந்தேன். பாரத்தில் 'எப்படி ஏற்பட்டது?' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் யாரும் உண்மையைச் சொல்வதில்லை என்று முதல் மாதத்திலேயே தெரிந்துகொண்டேன். "சும்மா குனிஞ்சேன் லா", "காலைல எந்திரிச்சேன், புடிச்சிக்கிச்சு." மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவரும் சும்மா குனிந்தவர்தான். நானும் சும்மா குனிந்தேன் என்றே எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் துணிந்து முதலாளியிடம் கேட்டேன். "ஒரு பிள்ளை மிதித்தால் பெரியவர்களுக்கு முதுகெலும்பு உடையுமா?"

"என்ன வயசுப் பிள்ளை?"

"ஒன்பது."

அவர் கோப்பியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "அது ஆளைப் பொறுத்து லா."

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஆளைப் பொறுத்து என்றால் அத்தையைப் பொறுத்து அது என் காலா, இல்லையா? அந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் படிக்கப் போனேன். பிறருக்குச் சேவை செய்ய என்று நேர்முகத்தில் சொன்னது சுத்தப் பொய். இருபத்தெட்டு வயதில், பத்தொன்பது வயதுப் பிள்ளைகளோடு, கோலாலம்பூரில் ஒரு வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எலும்புகளின் பெயர்கள் எனக்கு மனதில் நிற்கவில்லை. உடற்கூறியலில் தோற்று மறுபடி எழுதினேன். "மாமி, நோட்ஸ் வேணுமா?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். அக்கா என்று கூப்பிட்டால் குறைந்தா போய்விடுவார்கள்?

அந்தச் சத்தம் எலும்பினுடையது இல்லை என்று அங்கேதான் கற்றேன். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் காற்றுக்குமிழி ஏற்படுகிற சத்தம். எலும்பு உடைகிற சத்தம் வேறு. அப்படியானால் நான் கேட்டது எந்தச் சத்தம்? ஒன்பது வயதுக் காது கேட்டதை இருபத்தொன்பது வயது மூளை எப்படித் தரம் பிரிக்கும்? நல்ல உடம்புள்ள பெண்ணின் முதுகெலும்பை இருபது கிலோ பிள்ளை உடைக்க முடியாது என்று ஒரு விரிவுரையாளர் சொன்னார். அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். ஏற்கனவே அடிபட்ட எலும்பாக இருந்தால் சின்ன பாரமே போதும் என்று அடுத்த வாரம் இன்னொருவர் சொன்னார். ஆக மொத்தம் ஐந்து வருடம் படித்து, 'அது ஆளைப் பொறுத்து லா' என்பதை மூன்று பக்கத்துக்கு எழுதக் கற்றுக்கொண்டேன். படித்தாயிற்று, வேறு என்ன செய்வது? கைரோபிராக்டர் ஆனேன்.

இப்போது நாற்பத்திரண்டு வயது. ஈப்போவில் ஒரு கடைவரிசையில் கீழே சாவிக் கடை, மேலே நான். முதுகு வலிக்காரர்களை இருபத்திரண்டு படி ஏறவைக்கிற அறிவாளி இந்த ஊரிலேயே நான் ஒருத்திதான். அம்மா கோயிலிலும் கல்யாணத்திலும் என்னை டாக்டர் என்று அறிமுகப்படுத்துவார். "நான் டாக்டர் இல்லம்மா" என்றால், "அப்ப எதுக்கு வெள்ளைக் கோட்டு?" என்று கேட்பார். மமாக் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடுகிறவர் என்னைச் 'சொடக்கு அக்கா' என்பார். இரண்டில் எது சரி என்று கேட்டால் நான் ரொட்டிக்காரர் பக்கம்தான் சாய்வேன். என் வேலை எனக்கு வருகிறது. கைகளுக்கு எது சரி என்று தெரிகிறது. ஆனாலும் ஒவ்வொரு 'டக்'குக்கும் பிறகு, படுத்திருப்பவர் எழுந்து உட்காரும்வரை என் மூச்சு நிற்கும். ஒன்பது வருடமாக ஒரு நாளைக்குப் பத்து முறை இப்படி.

போன வருடம் ஒருநாள் அம்மா ஒரு சாவுச் செய்தியோடு வந்தார். எதிர்லயத்து மாமா போய்விட்டார். காரியத்துக்கு அம்மா மட்டும் போனார். நான் ஏதோ சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அத்தையின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கணவர் போனபிறகு அத்தை பத்து காஜாவில் மகள் வீட்டில் இருக்கிறாராம். "முதுகு ரொம்ப மோசமாயிருக்கு. ஒங்கிட்ட கூட்டிட்டு வாரேன்" என்றார் அம்மா. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். என்ன காரணம் சொல்வது?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை படிக்கட்டில் தடியின் சத்தம் கேட்டது. ஒரு படிக்கு ஒரு தட்டு. பன்னிரண்டாவது படியில் நின்று, மூச்சு வாங்கி, மறுபடி ஏறியது. இறங்கிப் போய்க் கைகொடுத்திருக்க வேண்டும். நான் மேசைக்குப் பின்னால் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"யாரு வந்துருக்கா பாரு!" என்றார் அம்மா.

அத்தை வளைந்துபோயிருந்தார். என்னைப் பார்க்க அவர் தலையைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டியிருந்தது. "என்னம்மா டாக்டரு, பெரிய ஆளாயிட்டே" என்று சிரித்தார்.

"நான் டாக்டர் இல்ல, அத்தே."

"பரவால்ல லா. கோட்டு போட்டிருக்கேல்ல."

நான் அவரைத் தொடவில்லை. எந்த நோயாளியையும் படம் எடுக்காமல் தொடமாட்டேன் என்று பொய் சொல்லி, இரண்டு தெரு தள்ளி எக்ஸ்ரே எடுக்கும் இடத்துக்கு இருவரையும் அனுப்பினேன். மத்தியானம் திரும்பி வந்தார்கள். வழியில் ரொட்டி சானாய் சாப்பிட்டார்களாம். நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

படத்தைத் திரையில் போட்டேன். வயதுக்கேற்ற தேய்மானம் எல்லா எலும்பிலும் இருந்தது. இடுப்புக்குச் சற்று மேலே ஒரு முள்ளெலும்புக் கட்டை மட்டும் முன்பக்கம் நசுங்கிச் சப்பையாக இருந்தது. மிகப் பழைய காயம், சப்பையானபடியே இறுகிப்போயிருந்தது. சரியாக நான் கால் வைத்த இடம். இத்தனை வருடம் தேடியது இதோ கண்ணெதிரே இருந்தது.

பிறகு இன்னொன்றைப் பார்த்தேன். படத்தின் ஓரத்தில், இடது பக்கக் கடைசி விலா எலும்புகள் இரண்டில் முடிச்சு முடிச்சாக இருந்தது. அதுவும் உடைந்து ஒட்டியதுதான். அங்கே என் கால் போகவே இல்லை. போயிருக்கவும் முடியாது. படத்தைப் பெரிதாக்கினேன், சின்னதாக்கினேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

விளங்கும்வரை காத்திருக்கப் பொறுமையும் இல்லை. "அத்தே, இந்த எலும்பு அன்னிக்கு நான் மிதிச்சப்ப ஒடஞ்சது. மன்னிச்சிருங்க" என்றேன். இதை எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், நல்ல நல்ல வார்த்தைகளில். வாயைத் திறந்தபோது இவ்வளவுதான் வந்தது. வெள்ளைக் கோட்டோடு தேம்பித் தேம்பி அழுதேன்.

அத்தை என்னைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தார். "நீ இவகிட்ட சொல்லவே இல்லியா?"

அம்மா சுவரில் தொங்கிய பிளாஸ்டிக் முதுகெலும்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். "சின்னப் புள்ளைட்ட எதுக்கு சொல்றது? அப்புறம் மறந்துபோச்சு."

"என்ன சொல்லல?" என்றேன்.

அத்தை தடியைச் சுவரோரம் சாத்திவைத்தார். "மிதிச்சது நீ இல்லம்மா. அதுக்கு மொத நாளு அவரு மிதிச்சாரு. பூட்ஸ் காலோட."

அத்தை சந்தை விலை சொல்வது மாதிரி, அவசரமில்லாமல் சொல்லிக்கொண்டே போனார். "எந்திரிக்கவே முடியல. வேலைக்குப் போகலன்னா வேலை வாங்குற மண்டோர் ஏன்னு கேப்பாரு. தோட்டத்து டிரெசர்கிட்ட மருந்துக்குப் போனா சட்டையத் தூக்கிப் பாப்பாரு. மானம் போயிரும்னு பயந்தேன். ஒங்கிட்ட வந்து படுத்து, அங்கேருந்தே எந்திரிக்கலன்னா, புள்ள மிதிச்சதுல ஆச்சுன்னு ஊரு நெனச்சிக்கும். சின்னப் புள்ளைய யாரு என்ன சொல்லப் போறா?"

"சத்தம் கேட்டுச்சே அத்தே. டக்குன்னு."

"அது ஒங்க அஞ்சடிப் பலகை லா. பூனை நடந்தாலே கத்துமே."

"ஆமா, ஆணி கழண்டு கெடந்துச்சு. ஒங்கப்பாட்ட எத்தன தடவ சொன்னேன்" என்றார் அம்மா.

"ஒங்களுக்கு எப்பம்மா தெரியும்?" என்று கேட்டேன்.

"அன்னிக்கே தெரியும். லயத்துல எல்லாருக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக்குக் கேக்காதா?" என்றார். பிறகு, "நீ அதையே நெனச்சிக்கிட்டிருப்பேன்னு எனக்கென்ன தெரியும். நீ கேக்கவே இல்லியே" என்றார். அம்மாமேல் எனக்கு வந்த கோபத்தை எந்தப் பக்கத்தில் எழுதினாலும் பக்கம் பொசுங்கிப்போகும். கேட்டிருக்கலாம்தான். முட்டைக்கு வாயை மூடிய பிள்ளை அதற்கப்புறம் திறக்கவில்லை.

பின்கட்டுக்குப் போய் முகம் கழுவினேன். அப்போதுதான் அந்த பிஸ்கட் நினைவுக்கு வந்தது. தலையைத் தடவிய கை. பரவால்ல பாப்பா. தன் காலை என் காலுக்குள் ஒளித்துவைத்துவிட்டு அந்த மனுஷன் எனக்கு மன்னிப்பும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் ஒன்று விடாமல் தின்றிருக்கிறேன். திரும்பத் திரும்ப வாய் கொப்பளித்தேன். திட்டலாம் என்றால் ஆள் உயிரோடு இல்லை.

அத்தைமேல் கோபப்படலாமா? அதுவும் தெரியவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவர் பிடித்த ஒரே கொம்பு நான். என் கால் யாரையும் உடைக்கவில்லை என்பதில் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் சந்தோஷத்துக்கு முன்னால் ஒரு குழப்பம்தான் வந்து நின்றது. உடைக்கவில்லை என்றால் நான் ஏன் இங்கே இருக்கிறேன்? ஓட்டைப் பலகை ஒன்று போட்ட சத்தத்தின் பின்னாலேயே கோலாலம்பூர்வரை போய், பட்டம் வாங்கி, சுவரில் மாட்டியிருக்கிறேனா? அந்த ஆணியை அப்பா அடித்திருந்தால் நான் இன்றைக்கு யார்?

திரும்பி வந்தபோது அத்தை சிகிச்சைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "சரி, வந்து மிதி" என்றார்.

"மிதிக்கக் கூடாது அத்தே. எலும்பு தேஞ்சிருக்கு. நான் கைகூட வெக்க மாட்டேன். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தாரேன், அங்க பாக்கட்டும்."

"கடுதாசி தா, போறேன். அதுக்கு முன்ன மூணு மிதி. அன்னிக்கு வலிக்கு மிதிக்கக் கூப்புடல. இன்னிக்கு வலிக்குத்தான் கூப்புடுறேன்."

"ரெண்டு ரொட்டி சானாய் சாப்புட்டிருக்கே. வெறும் வயித்துலதான் மிதிக்கணும்" என்று அம்மா குறுக்கே விழுந்தார். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

ஐந்து வருடம் படித்தது முழுக்க என் காதில் வேண்டாம் என்றது. நான் கட்டிலைக் கீழே இறக்கினேன். அத்தை குப்புறப் படுக்க முடியாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையணை கொடுத்தேன். இடது காலின் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினேன். பிடித்துக்கொள்ளக் கதவுநிலை இல்லாததால் அம்மாவின் தோளைப் பிடித்தேன். சேலையில் என் பாதம் பட்டதா இல்லையா என்கிற அளவுக்கு வைத்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. எங்கும் எந்தச் சத்தமும் இல்லை.

"அன்னிக்கும் இவ்வளவுதான் வெச்சே" என்றார் அத்தை.

அம்மா பதறிவிட்டார். "பேசாதே! இருட்டுற வரைக்கும் பேசக்கூடாது. வலி திரும்பிக்கும்!"

"திரும்பட்டும் லா. முப்பது வருசம் பேசாமத்தானே இருந்தேன், போச்சா?"

காலுறையை மாட்டாமலே மேசைக்குப் போய் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதத் தொடங்கினேன். பெயர், வயது, வலி இருக்கும் இடம், எக்ஸ்ரேயில் கண்டது. பழைய காயம் எப்படி ஏற்பட்டது என்ற இடம் வந்ததும் கை நின்றது. பழக்கதோஷத்தில் 'சும்மா குனிந்தபோது' என்று எழுதப் போனேன்.

"இது எப்படி ஆச்சுன்னு போட, அத்தே?"

"உள்ளத எழுது."

எழுதினேன். ஆங்கிலத்தில் ஒரே வரி. அவருக்கு அதைப் படிக்கத் தெரியாது என்பதால், "வாசிச்சு, தமிழ்ல சொல்லு" என்றார். கணவர் காலால் மிதித்தது, பல வருடங்களுக்கு முன்பு என்று சொன்னேன். அத்தை தலையைத் திருப்பி என்னைப் பார்த்து, "பூட்ஸையும் போடு" என்றார்.